தேராவில் ராத்திரி தனியாக நடக்கலாமா?

வாசகியின் கேள்வி: எனக்கு 58 வயது. மகன் துபாயில் வேலை பார்க்கிறான், வீடு தேராவில் முரக்கபாத் பக்கம். இரண்டு மாத விசிட் விசாவில் வந்திருக்கிறேன். மகனும் மருமகளும் வேலை முடிந்து வர ஒன்பது மணி ஆகிவிடுகிறது. லீவு நாளில் மால் மாலாகக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டார்கள், அலுத்துவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு கீழே இறங்கி, நடந்தே இந்த ஊரைப் பார்க்க ஆசை. தனியாகப் போகலாமா? இந்தி தெரியாது. எங்கே, எந்த நேரத்தில் போவது?

பதில்:

போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம். அதுவும் நீங்கள் இருக்கிற இடம் நடக்கிறவர்களுக்கு வாய்த்த இடம். துபாயில் பாதி ஊர் கார்க்காரர்களுக்காகக் கட்டியது, ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போகவே டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும். தேரா அப்படியில்லை. க்ரீக் என்று சொல்கிற அந்தக் கடல் கழியை ஒட்டி, வியாபாரத்துக்கு வந்தவர்கள் கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு அடுத்து பள்ளிவாசல் என்று நெருக்கி நெருக்கிக் கட்டிக்கொண்ட ஊர் அது.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எந்த இடம் என்று பட்டியல் போடாதீர்கள், எந்த நேரம் என்று முடிவு பண்ணுங்கள். தேராவில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பொழுது இருக்கிறது. மசாலாக் கடைவீதியும் தங்கக் கடைவீதியும் பத்து மணிவாக்கில் ஷட்டரை இறக்கிவிடும். நீங்கள் குடியிருக்கிற முரக்கபாத்தோ இஷா என்கிற இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் சாப்பாட்டுக்கே உட்காரும். இது தெரியாமல் ஏழு மணிக்கு முரக்கபாத் ஓட்டல்களை எட்டிப் பார்த்தால் காலி மேஜைதான் இருக்கும், பத்தரைக்கு கடைவீதிக்குப் போனால் பூட்டுதான் இருக்கும். அதனால் சாயந்திரம் கழிப்பக்கம், நேரம் ஆக ஆக வீட்டுப்பக்கம். இந்தத் திசையில் நடந்தால் போகிற இடமெல்லாம் விழித்திருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூரமே போக வேண்டாம். இறங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் கட்டட வாசலில், சுவரில் ஒரு சின்னப் பலகை இருக்கும், மகானி என்று போட்டு பத்து இலக்க எண். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் ஒவ்வொரு கட்டட வாசலுக்கும் தனி எண், அதை டாக்சிக்காரரிடம் காட்டினால் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார், வழி சொல்ல எந்தப் பாஷையும் வேண்டாம். இன்னொன்று, இங்கே வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், லொகேஷன் அனுப்பலாம், ஆனால் பேச முடியாது. ஊரில் பழகிய பழக்கத்தில் வாட்ஸ்ஆப்பில் மகனை அழைத்துப் பார்த்துவிட்டு, எடுக்கவில்லையே என்று நடுத்தெருவில் பதறாதீர்கள். நேராக நம்பரைப் போட்டுப் பேசுகிற மாதிரி ஒரு உள்ளூர் சிம் வாங்கித் தரச் சொல்லுங்கள். போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998. பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு நகலை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முதல் நடை. ரிக்கா தெரு. உங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருதான். ரிக்கா மெட்ரோ ஸ்டேஷனில் ஆரம்பித்து அல் குரைர் சென்டர் வரைக்கும் போய்த் திரும்பினால் முதல் நாளுக்குப் போதும். அகலமான நடைபாதை, நல்ல வெளிச்சம், கடைசி வரைக்கும் ஆள் நடமாட்டம். அல் குரைர் 1981இல் திறந்தது, துபாயின் முதல் பெரிய மால்களில் ஒன்று. பளபளப்பான மால்களைப் பார்த்து அலுத்த உங்களுக்கு அதைப் பரிந்துரைப்பது கால் ஓய்வுக்காகவும் பாத்ரூமுக்காகவும். இந்தத் தெருவில் நடைபாதையை ஒட்டி மின்ஸ்கூட்டர்களுக்குத் தனித் தடம் இருந்தால் அதில் கால் வைக்காதீர்கள். சத்தமே இல்லாமல் பின்னால் வந்துவிடுகிறார்கள், தேராவில் உங்களுக்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து திருடன் இல்லை, இதுதான். அடுத்த ஆபத்து ரோட்டைக் குறுக்கே கடப்பது. நம் ஊரில் கையைக் காட்டிக்கொண்டே இறங்கிவிடுவோமே, அது இங்கே கூடவே கூடாது. கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் அபராதம், வேகச் சாலையாக இருந்தால் தண்டனை அதைவிடக் கடுமை. சிக்னலுக்குப் போய் கம்பத்தில் இருக்கிற பொத்தானை அழுத்தி, பச்சை மனிதன் வரும்வரை நில்லுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் கடந்தாலும் நீங்கள் கடக்காதீர்கள்.

ரிக்காவில் நடக்கும்போது கடை போர்டுகளைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ்காரர்களின் பேக்கரி, சலூன், ஊருக்குப் பெட்டி அனுப்புகிற கார்கோ கடை, பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் எல்லாம் அடுத்தடுத்து வரும். மாசம் பிறந்து சம்பளம் வந்த வாரத்தில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசை நிற்கும். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல், ஒரு கையில் போனும் ஒரு கையில் டோக்கனுமாக நிற்கிற பெண்களைப் பார்ப்பீர்கள். ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். உங்கள் மகன் முதல் சம்பளம் அனுப்பின நாள் உங்களுக்கு ஞாபகம் வரும், அந்தத் தெரு அப்படிப்பட்ட தெரு.

கால் பழகின பிறகு கடைவீதி. சலாஹுத்தீன் ஸ்டேஷனிலோ யூனியன் ஸ்டேஷனிலோ மெட்ரோவின் பச்சை லைனில் ஏறி அல் ராஸில் இறங்குங்கள். மெட்ரோவில் ஏற நோல் கார்டு வேண்டும், விலை 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கே இருக்கும். வண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி உண்டு, பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்புக் குறி போட்டிருக்கும், அங்கே நின்றால் நெரிசல் குறைவு. மெட்ரோவுக்குள் ஒரு மிட்டாய்கூட வாயில் போடாதீர்கள், அதற்கும் 100 திர்ஹம் தண்டம். சாதாரண நாளில் நள்ளிரவு வரைக்கும், வெள்ளிக்கிழமை ஒரு மணி வரைக்கும் வண்டி ஓடும், திரும்பி வரக் கவலை வேண்டாம்.

அல் ராஸில் ஏழு, ஏழரைக்கு இறங்கினால் சரியாக இருக்கும். வெளியே வந்து கழியைப் பார்த்து நடந்தால் சில நிமிஷத்தில் மூக்கே வழி காட்டிவிடும். மசாலாச் சந்தில் ஏலமும் பட்டையும் உங்களுக்குப் புதிசு இல்லை, அவை நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. நின்று பார்க்க வேண்டியது வேறு. ஈரானியக் குங்குமப்பூ, காய்ந்த ரோஜா மொட்டு, ஓமானிலிருந்து வருகிற சாம்பிராணிக் கட்டி. அப்புறம் லூமி. கறுப்பாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருக்கும். உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து வெயிலில் காய வைத்த எலுமிச்சை அது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அரபு வீடுகளிலும் ஈரானிய வீடுகளிலும் குழம்பில் புளிப்புக்கு இதைத் தட்டிப் போடுகிறார்கள். கால் கிலோ வாங்கிக்கொண்டு போய் உங்கள் ரசத்தில் ஒன்றை ஓட்டை போட்டுப் போட்டுப் பாருங்கள், ஆனால் ரொம்ப நேரம் கொதிக்க விடாதீர்கள், கசந்துவிடும். விலையைப் பொறுத்தவரை சொன்னதில் பாதியிலிருந்து பேச ஆரம்பிக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குங்குமப்பூ மட்டும் தெரிந்தவர்களோடு வந்து வாங்குங்கள்.

தங்கச் சந்து அதற்கு எட்டி நடந்தால் வந்துவிடும். அங்கே கண்ணாடிக்குள் ஒரு மோதிரம் வைத்திருக்கிறார்கள், நஜ்மத் தைபா என்று பேர், 21 காரட், கிட்டத்தட்ட 64 கிலோ. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். "காப்பி வாட்ச், காப்பி பேக்" என்று காதோரம் கிசுகிசுத்துக்கொண்டு பின்னால் வருகிறவர்களுக்குப் பதிலே சொல்லாமல் நடங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அவர்களோடு மாடிப்படி ஏறக் கூடாது.

பிறகு அப்ரா, கழியைக் கடக்கிற படகு. பழைய சூக் படகுத்துறைக்கு வந்து ஒரு திர்ஹம் நாணயத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கரைக்கு அவ்வளவுதான் கட்டணம். படகு கரையை ஒட்டி நின்றதும் அவசரப்படாமல் மற்றவர்களை ஏறவிட்டு, கடைசியாகக் கால் வையுங்கள். முழங்கால் தகராறு இருந்தால் ஓட்டுகிறவரிடம் கையை நீட்டினாலே பிடித்துக்கொள்வார். நடுவில் ஒரு நீள மேடை, அதில் வெளியே பார்த்து உட்கார வேண்டும், பிடிக்கக் கம்பி எதுவும் பெரிசாக இருக்காது. தண்ணீர் மேல் காற்று அடிக்கும், இரண்டு பக்கமும் பள்ளிவாசல் விளக்குகள். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த பயணம் இதுதான், பெரிய கோபுரத்து உச்சிக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். அக்கரையில் பர்துபாய் துணிச்சந்து. அங்கே பழைய சிவன் கோவில் இருந்தது. 2024 ஜனவரியில் அதை மூடி, ஜெபல் அலியில் 2022இல் திறந்த புதுக் கோவிலுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்கள் சொல்லக் கேட்டு அங்கே போய்த் தேடாதீர்கள். சாமி கும்பிட வேண்டுமென்றால் பகலில் மகனோடு ஜெபல் அலிக்குப் போய் வாருங்கள், அது தூரம்.

இந்தக் கழியின் இரண்டு கரையிலும் நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு உரிமை என்று தோன்றும். 1966 வரைக்கும் இங்கே புழங்கியதே ரூபாய்தான், கடைசி ஏழு வருஷம் வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனியாக அச்சடித்துக் கொடுத்த ரூபாய். அதற்கும் முன்னால், இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் ஈரான் கரையில் சுங்கவரி ஏறியதும் லிங்கே போன்ற துறைமுகங்களிலிருந்து வியாபாரிகள் இங்கே குடிபெயர்ந்தார்கள், துபாய் ஆட்சியாளர் வரி வேண்டாம் என்று சொல்லி அவர்களை அழைத்துக்கொண்டார். அடுத்தடுத்து வந்தவர்கள் கதையும் தெருவிலேயே இருக்கிறது. முரக்கபாத்தில் ஈராக், சிரியா, லெபனான் ஓட்டல்களாக இருக்கிறதே, அந்த நாடுகளில் போரும் குழப்பமும் வந்தபோதெல்லாம் இங்கே புதுசாகக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தேராவிலேயே நாயிஃப் என்கிற பகுதிக்கு அப்பால் ஃப்ரீஜ் முரார் பக்கம் எத்தியோப்பியக் கடைகள். அவர்களுடைய இஞ்செரா, தோசை மாவைப் புளிக்க வைக்கிற மாதிரியே டெஃப் என்ற தானிய மாவைப் புளிக்க வைத்து ஊற்றுவது, சைவக் குழம்புகளோடும் கிடைக்கும். ஆனால் அங்கே முதல் தடவை மருமகளோடு போங்கள்.

நாயிஃபையும் பனியாஸ் ஸ்கொயரையும் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பனியாஸ் ஸ்கொயரைப் பழைய ஆட்கள் இன்னமும் நாசர் ஸ்கொயர் என்பார்கள். அங்கே இரவில் நூற்றுக்கு தொண்ணூறு பேர் ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் கேம்ப்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து சதுக்கமே நிரம்பியிருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரே ஒரு லீவு, ஊர்க்காரனைப் பார்க்க, சிம் ரீசார்ஜ் பண்ண, புல்லில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வந்தவர்கள். நெரிசல் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் வேறு நாளில் போகச் சொல்கிறேன். போகும்போது அவர்களைப் படம் எடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவரைப் படம் எடுப்பது இங்கே குற்றம், 2021ஆம் வருஷத்து சைபர் சட்டத்தில் அபராதமே ஒன்றரை லட்சம் திர்ஹத்தில்தான் ஆரம்பிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவனை வேடிக்கைப் பொருளாக எடுப்பது தப்பு. நடைபாதையில் பெண்கள் படம் போட்ட மசாஜ் அட்டைகள் இறைந்து கிடக்கும், அது உங்களுக்கு சம்பந்தமில்லாத விஷயம், மிதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ரிக்கா பக்கத்து ஓட்டல் பார்கள் களைகட்டுவது பதினோரு மணிக்கு மேல். நீங்கள் தனியாக இருக்கிற நாளில் பத்தரைக்கு வீட்டில் இருங்கள்.

இந்தி தெரியாததைப் பற்றிக் கவலையே படாதீர்கள். எந்தக் கஃபட்டேரியாவில் நுழைந்தாலும் கல்லாவில் அநேகமாக ஒரு மலையாளிதான் இருப்பார். "சேட்டா, ஒரு கரக் சாயா, சீனி குறைச்சு" என்றால் போதும், நீங்கள் தமிழிலேயே பேசலாம். கரக் என்பது ஏலக்காய் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சின பால் டீ, பேப்பர் கப்பில் ஒன்றிரண்டு திர்ஹத்துக்குக் கிடைக்கும். சர்க்கரை வியாதி இருந்தால் சுலைமானி கேளுங்கள், பால் இல்லாத டீ. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து ஆட்களும் தேராவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், துணிக்கடையிலோ மளிகைக்கடையிலோ யாராவது "எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிடுவார்கள்.

பருவம் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு மெல்லிய சால்வை போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் ராத்திரியிலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும், காற்றில் ஈரம் வேறு, வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனிமூடிப் போகும். அப்போது அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டாம், ஏசி போட்ட கண்ணாடிப் பஸ் ஸ்டாப்புகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

மகனுக்கு லீவு நாளில், சனிக்கிழமை ராத்திரி, முத்தீனா தெருவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நடுவில் பேரீச்ச மரங்களோடு நீளமான நடைபாதை, குடும்பங்கள் பதினோரு மணிக்கும் குழந்தைகளோடு நடந்துகொண்டிருப்பார்கள். அங்கே ஈராக் ஓட்டல்களில் மஸ்கூஃப் கிடைக்கும். பெரிய கெண்டை மீனை முதுகுப்பக்கம் கீறி அகல விரித்து, திறந்த விறகு நெருப்பின் ஓரத்தில் நிறுத்தி வாட்டுவார்கள். வேக ஒரு மணி நேரம்கூட ஆகும். அதனால் முதலில் உள்ளே போய் மீனைக் காட்டி ஆர்டர் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். சைவம் என்றால் கொண்டைக்கடலையை அரைத்துச் செய்கிற ஹம்மூஸும், சூடாக வருகிற சமூன் ரொட்டியும் கேளுங்கள், அதற்குக் காத்திருக்க வேண்டாம்.