பலகை எந்தப் பக்கம் ஓடணும்? பெருந்துறைத் தம்பிக்கு

கனடா வந்து இரண்டே வருடத்தில் பழைய வீடு ஒன்று வாங்கிவிட்டீர்கள், சந்தோஷம் தம்பி. எல் மாதிரி மடங்கி, ஒரு முனை அகலமும் மறுமுனை குறுகலுமாக இருக்கிற நடைக்கு, அதாவது வீட்டுக்குள் போகிற காரிடாருக்கு, மரப்பலகையை எந்தத் திசையில் பதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பனி டயர், வீட்டுக் காப்பீடு. டயர் போட்டுவிடுங்கள். காப்பீட்டுக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள். பலகைக்கு வருவோம், அதில் நான் சூடுபட்டவன்.

நீளவாக்கில் ஓட விடுங்கள். குறுக்கே போட்டால் ஏணிப்படி மாதிரி தெரியும். ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தரைமேல் மிதக்கிற வகை என்றால் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆணி அடிக்கிற முழு மரம் என்றால் பேஸ்மென்டுக்கு இறங்கி அண்ணாந்து பாருங்கள். தரையைத் தாங்குகிற ஜாயிஸ்ட் சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும், பலகை அவற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். சட்டமும் நடையின் நீளவாக்கிலேயே ஓடினால், மேலே இன்னொரு பிளைவுட் அடித்துக் கெட்டியாக்கிவிட்டுப் போடலாம். தரை உயரும், கதவுகளின் அடியை இழைக்க நேரும்.

மடங்குகிற இடத்தில் திசையை மாற்றாமல் அப்படியே கொண்டுபோவதுதான் என் கட்சி. குட்டைப் பக்கத்தில் பலகை குறுக்கே விழும், விழட்டும்.

சுவரை மட்டும் நம்பாதீர்கள். 2006-ல் நான் சுவரை ஒட்டியே முதல் வரிசையை ஆரம்பித்தேன். 18 அடி போவதற்குள் எதிர்ச்சுவர் ஒரு அங்குலம் விலகி, கடைசி வரிசை ஆப்பு மாதிரி முடிந்தது. நடுவில் நூல் அடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, சுவரோரம் இடம் விடாதது. மரம் அகலவாக்கில்தான் ஊதும். ஜனவரியில் ஹீட்டர் சூட்டில் காய்ந்திருந்த பலகையை இறுக்கிப் போட்டேன். ஜூலைப் புழுக்கத்தில் நடை நடுவே காங்கேயம் காளைத் திமில்! முக்கால் அங்குலம் விடுங்கள், சுவரடியில் ஓடுகிற ஸ்கர்ட்டிங் பலகை மூடிக்கொள்ளும்.

அப்புறம், நம்ம ஆட்கள் சிலர் கிழக்கு மேற்காகத்தான் ஓடணும், வாஸ்து என்பார்கள். ஜாயிஸ்டுக்கு வாஸ்து தெரியாது. ஊர்க்காரர் என்பதற்காக வேலையைக் கொடுத்துவிடவும் வேண்டாம். திமிலைச் சரிபண்ண நான் முன்பணம் கொடுத்த ஊர்க்காரர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். கடைசியில் நானேதான் பிரித்துப் போட்டேன், அதற்கப்புறம் திமில் எழும்பவில்லை.

எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சறுக்கி விட்டதால்தான் எங்கள் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்களுக்குத் தேக்கு என்றால் நிலைக்கதவும் விட்டமும்தான், தரைக்குக் காவிச் சிமெண்ட். வந்த புதிதில் மரத்தை மிதித்து நடக்கவே கூச்சமாக இருந்தது. அம்மா முதல்முறை வந்தபோது, நான் வேலைக்குப் போன நேரத்தில் நடை முழுக்க வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவி விட்டிருந்தார். "கழுவாத தரையில எப்படிச் சாமி கோலம் போடறது?" என்றார். ரெண்டு நாளில் பலகை ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டது. உங்கள் அம்மா விமானம் ஏறும் முன்பே சொல்லி வையுங்கள்.