வேலையில் ஒரு பெரிய பிழை செய்த பிறகு போன தன்னம்பிக்கை, விளையாட்டு வீரர்களுக்குத் திரும்புவதுபோல் நமக்கும் திரும்புமா?

நீங்கள் எழுதியிருப்பது நான்கே வரி. அலுவலகத்தில் ஒரு பிழை, அதனால் கைநழுவிய பதவி உயர்வு, மூன்று மாதமாகக் கணினி முன் உட்கார்ந்தாலே நடுங்கும் கை, விளையாட்டு வீரர்கள் எப்படி மீள்கிறார்கள் என்ற கேள்வி. என்ன பிழை என்று சொல்லவில்லை. ஏதோ ஓர் எண்ணை மாற்றிப் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் மாட்டிக்கொண்டது அப்படி ஒன்றில்தான்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் மைதானத்தில் ஓடியவள் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் கேரம். அதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்பவர்களுக்குப் பிறகு வருகிறேன்.

வளர்ந்தது மும்பை சயன் கோலிவாடாவில். நீண்ட வராந்தா, வரிசையாக ஒற்றை அறை வீடுகள், கோடியில் பொதுக் குழாய். மாமா மில் தொழிலாளி. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஜவுளி ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியதே, அதில் வெளியே வந்த இரண்டரை லட்சம் பேரில் அவரும் ஒருவர். மறுபடி மில்லுக்குள் அவர் காலை வைக்கவே இல்லை. அத்தை விடிவதற்கு முன் அவித்துத் தரும் இட்லியைச் சுமந்துபோய் மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே விற்பார். பத்து மணிக்குப் பாத்திரம் காலியாகும். பதினொன்றுக்கு வராந்தாவில் கேரம் பலகையை எடுத்து வைப்பார். காசு வைத்து ஆடியதில்லை. தோற்றவர் வேர்க்கடலை வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஆட்டத்தில் ஒரு விதி உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஸ்ட்ரைக்கர், அதாவது காய்களை அடிக்கும் பெரிய வில்லை, குழியில் விழுந்தால் முறை போய்விடும். அதோடு, நாம் ஏற்கெனவே போட்ட காய்களில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். எதிராளி அதை நடுவட்டத்துக்குள் தமக்குத் தோதான இடத்தில் வைப்பார். நம்மிடம் காயே இல்லை என்றால் கடன் நிற்கும், முதல் காய் விழுந்தவுடன் வசூலாகிவிடும். நான் ஸ்ட்ரைக்கரைக் குழியில் விட்டுவிட்டு, மாமா பீடி பற்றவைக்கும் நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் அதை எடுத்துப் பழையபடி கோட்டில் வைப்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆடவும் மாட்டார். பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கடைசியில் நானே ஒரு வெள்ளைக் காயை எடுத்து நீட்டுவேன். அதை இரண்டு கறுப்புக் காய்களுக்கு நடுவே, எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் வராத இடமாகப் பார்த்துச் செருகுவார். நான் அழுவேன். "ஒரு காய்தானே போனது, பலகையா போய்விட்டது?" என்பார். அவர் எனக்குச் சொன்ன அறிவுரை மொத்தமும் இதுதான். அவரும் அதை அறிவுரையாகச் சொல்லவில்லை, ஆட்டம் தாமதமாகிற எரிச்சலில் சொன்னார்.

2011-க்கு வருகிறேன். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனம். இறக்குமதி ஆவணங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. கப்பல் கண்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தும் ஏழு எண்களும் கொண்ட அடையாளம் உண்டு. கடைசி எண் சும்மா வருவதில்லை. முன்னுள்ள பத்து இடங்களையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. நடுவில் ஒன்று பிசகினால் பெரும்பாலும் கடைசி எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தால்தானே? வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரமே ஆன தம்பி ஒருவன் 6-க்குப் பதிலாக 9 என்று அடித்திருந்தான். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நவசேவா துறைமுகத்தில் ஆவணத்துக்கும் பெட்டிக்கும் பொருந்தவில்லை. திருத்த மனு, அலைச்சல், நான்கு நாள். வாடிக்கையாளருக்குத் தாமதக் கட்டணம் ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய்.

மேலாளர் மேசையைத் தட்டி "யார் அடித்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் அந்தத் தம்பியின் பெயர்தான். அவன் குளிர்சாதன அறையில் வியர்த்துக்கொண்டு நின்றான். நான் "பார்க்க வேண்டியது நான், பார்க்கவில்லை" என்றேன். வாடிக்கையாளருக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஆனால் கொடுக்க வேண்டிய காயைக் கொடுக்காமல் அடுத்த ஆட்டம் ஆட எனக்கு வராது. அது குணம் அல்ல, பழக்கம்.

பலன்? லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் தபால் மேசைக்கு மாற்றினார்கள். பதினான்கு மாதம். நான் எதிர்பார்த்த பதவி வேறொருவருக்குப் போனது. இங்கேதான் விளையாட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஒத்துவராது என்பேன். பலகையில் தண்டனைக்கு அளவு உண்டு. ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஒரு காய். மூன்று காய் கிடையாது, அடுத்த பலகைக்கும் வராது. அலுவலகத்தில் அந்த ஒரு காயை ஆண்டுக்கணக்கில் வசூலிப்பார்கள். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அந்தக் கண்டெய்னர் எழுந்து வரும். இதைச் சொல்லாமல் "விழுந்தால் எழுந்திரு" என்று வசனம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்ற ஆண்டு இப்போதைய நிறுவனத்தில் அந்தேரியில் ஒரு ஓட்டல் அறையில் எங்களை அடைத்து ஊக்கப் பயிற்சி நடத்தினார்கள். பயிற்சியாளர் 2004 சிட்னி டெஸ்டைத் திரையில் காட்டினார். அந்தத் தொடரில் ஆஃப் திசைப் பந்தைத் துரத்தி ஆட்டமிழந்துகொண்டிருந்த டெண்டுல்கர், அந்தத் திசையில் அடிக்கும் கவர் டிரைவையே ஒதுக்கிவைத்து ஆட்டமிழக்காமல் 241 எடுத்தாரே, அந்த ஆட்டம். நான் எழுந்து, "அவர் கையில் ஏற்கெனவே போட்ட காய்கள் ஏராளம், நாலு விழுந்தாலும் தாங்கும். நான்காவது ஆட்டம் ஆடுகிற பையனுக்கு இந்தப் பொறுமையைக் காட்டுவீர்களா?" என்று கேட்டேன். மும்பையில் இருந்துகொண்டு டெண்டுல்கரைக் குறை சொல்கிறாயா என்று சண்டைக்கு வர வேண்டாம். அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் முழுக்கப் பார்த்தவள் நான். கேள்வி அவரைப் பற்றியது அல்ல, தேர்வுக்குழுவைப் பற்றியது. பயிற்சியாளர் சிரித்துவிட்டு, எனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்றார். கேரம் என்றேன். "ஓ, வீட்டுக்குள் ஆடுவதா" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அந்த "ஓ" இன்னும் காதில் இருக்கிறது. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 என இரண்டு முறை கேரமில் உலகப் பட்டம் வென்றவர், 1996-இல் அர்ஜுனா விருது பெற்றவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது பதினேழு வயது. எந்த ஊக்கப் பயிற்சியிலும் இவர்கள் படம் வந்து நான் பார்த்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் போக மனமில்லை.

உங்களுக்கு வருகிறேன். கை நடுக்கம் எனக்கும் இருந்தது. தபால் மேசையில் கூரியர் உறைகளில் முகவரி எழுதக்கூட மூன்று முறை சரிபார்ப்பேன். ஒருநாள் போனது என்னவென்று ஒரு தாளில் எழுதினேன்: ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய், நான்கு நாள், ஒரு பதவி. எழுதிப் பார்த்தால் சிறிதாக இல்லை, ஆனால் முடிவு இருந்தது. அதற்குமேல் யாராவது கேட்டால் அது என் கடன் அல்ல என்று தெரிந்தது. நடுக்கம் அன்றே நின்றது என்று கதைவிட மாட்டேன். மெல்லக் குறைந்தது.

2013-இல் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். பரிந்துரைத்தது, அந்தக் கண்டெய்னர் சிக்கிக்கொண்டதே, அதே வாடிக்கையாளரின் ஆள். நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று இதைப் படிக்காதீர்கள். அங்கே அப்போது அவசரமாக ஆள் தேவைப்பட்டது. அந்தத் தம்பி இப்போது துபாயில் இருக்கிறான். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான், அந்த 9-ஐப் பற்றிப் பேசமாட்டான்.

மாமா இல்லை. வராந்தாவும் இல்லை, இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், பதினோராம் மாடி எங்களுக்கு. பலகையைத் தரையில் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் சங்கத்துக்குப் புகார் எழுதுகிறார் என்று அடியில் போர்வையை மடித்துப் போட்டு ஆடுகிறோம். போன ஞாயிறு மகள் ஸ்ட்ரைக்கரைக் குழியில் விட்டாள். நான் கைப்பேசியில் எதையோ தேடுவதுபோல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு வெள்ளைக் காயை எடுத்து என் பக்கம் தள்ளினாள். வாங்கி, அவளுக்கு எட்டவே எட்டாத இடமாகப் பார்த்து வைத்தேன்.