எழுத்து தெரிந்தும் பொருள் தெரியாத தலைமுறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2021-ஆம் ஆண்டில் நம் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகருக்கு அருகே குவாஹ்லாதி கிராமத்தில் வைரம் கிடைக்கிறது என்ற பேச்சை நம்பி ஆயிரக்கணக்கானோர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஓடினார்களே! ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் இந்தக் காலத்திலும் மக்கள் இவ்வளவு அறியாமையில் கிடப்பது எப்படி?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்த நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஐயா. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், மாடு மேய்க்கும் ஒருவர் பளிச்சிடும் கற்களைக் கண்டெடுத்தார் என்ற செய்தி பரவியது. தொலைவில் உள்ள ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து அந்த மேய்ச்சல் நிலத்தைக் குழி குழியாகத் தோண்டினார்கள். அரசு அனுப்பிய நிலவியல் வல்லுநர்கள் கற்களைச் சோதித்து, அவை குவார்ட்ஸ் என்னும் படிகக் கற்கள் என்று அறிவித்தார்கள். அங்கே நிலத்தடியில் இருப்பது டோலரைட் பாறை. வைரத்தைப் பூமியின் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவருவது கிம்பர்லைட் என்னும் வேறு பாறை. அந்தப் பாறைக்குப் பெயர் தந்த கிம்பர்லி நகரமே நம் நாட்டில்தான் இருக்கிறது.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். கிம்பர்லியில் வைரம் தோண்டிய பெருங்குழியைப் பற்றியும் அதனால் செல்வம் சேர்த்தவர்களைப் பற்றியும் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, ஒரு கல்லைக் கையில் எடுத்து அது என்னவென்று ஆராயும் பழக்கத்தை நாம் கொடுப்பதில்லை. குவார்ட்ஸ் பெரும்பாலும் ஆறு பட்டைகளோடு கூர்முனையாக வளரும். வைரமோ பொதுவாக எட்டு முகங்கள் கொண்ட படிகமாக அமையும். கண்ணாடியைக் கீறினால் வைரம் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. கடினத்தன்மையில் வைரத்துக்கு 10 என்றால் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடி அதற்கும் கீழே என்பதால் குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறிவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் ஆசிரியரும் இரண்டு கற்களும் ஒரு பாட்டில் துண்டும் போதும்.

ஆனால் தோண்டியவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நாட்டின் வேலையின்மை, அரசுக் கணக்கின்படியே, 32.6 விழுக்காடு. வீட்டில் சம்பாதிக்கும் ஆள் இல்லாதவருக்கு, ஒரு நாள் பயணச் செலவும் இரண்டு கை உழைப்பும் மட்டுமே முதலீடு என்னும்போது, போய்ப் பார்த்துவிடுவோம் என்று தோன்றுவது இயல்பு. கைப்பேசி செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும். அதை எடைபோடும் திறன் அதற்கு முன்பே, சிறு வயதில், வேறோர் இடத்தில் உருவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் தேர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. 2024-இல் 87.3 விழுக்காடு என்று அறிவித்தார்கள். அப்படியிருக்க, கல்வி சீரழிந்துவிட்டது என்று நீங்கள் தொடர்ந்து எழுதுவது சரியா?
– இரு பிள்ளைகளின் தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: சரியென்றே நம்புகிறேன், அம்மா. தேர்ச்சி பெற்ற எந்தப் பிள்ளையின் உழைப்பையும் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. அந்த விழுக்காடு தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களோடு முதல் வகுப்பில் சேர்ந்து, பத்தாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ விலகிப்போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சான்றிதழ் பெற, முதல்மொழியிலும் வேறு இரண்டு பாடங்களிலும் 40 மதிப்பெண்ணும் மற்ற மூன்று பாடங்களில் 30 மதிப்பெண்ணும் இருந்தால் போதும். பட்டப்படிப்புக்கான தகுதி இதைவிட உயர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு நான்கு பாடங்களில் 50 வேண்டும்.

ஆயினும் என் கவலை பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றியது அன்று. நான்காம் வகுப்பைப் பற்றியது. பிர்ல்ஸ் என்று அழைக்கப்படும் பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க இயலாதவர்கள் 2016-இல் 78 விழுக்காடு. 2021-இல் 81 விழுக்காடு. இடையில் கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தது ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்பிருந்த 78-க்குக் கொரோனாவைக் காரணம் காட்ட முடியாது.

பொருள் புரியாமல் வாசிப்பது என்றால் என்ன என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றின் நூலக வகுப்பில், சூலு பேசும் ஒரு சிறுமி ஆங்கிலக் கதை ஒன்றைத் தடங்கலின்றி வாசித்தாள். உச்சரிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆடு எதற்காக வேலியைத் தாண்டியது என்று ஆசிரியை கேட்டார். சிறுமி முதல் வரியில் விரலை வைத்து, மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கேள்விக்கு விடை என்பது அவளைப் பொறுத்தவரை, இன்னொரு முறை சத்தமாக வாசித்துக் காட்டுவது. அவள் மந்தமான பிள்ளை அல்லள். இடைவேளையில் தோழிகளோடு சூலுவில் பேசும்போது அவளைவிடச் சுட்டியான பிள்ளையைக் காண முடியாது.

இது எப்படி நேர்கிறது? முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலான பள்ளிகளில் தாய்மொழியில் பாடம் நடக்கிறது. ஆனால் வகுப்பில் நெருக்கடி. பிள்ளை கையில் எடுத்துப் புரட்டுவதற்குக் கதைப் புத்தகம் அரிது. தமிழைப் போலவே சூலுவிலும் வேரோடு ஒட்டுகள் சேர்ந்து, ஒரு வாக்கியத்தின் பொருளை ஒரே சொல் தாங்கி நிற்கும். ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களுக்காக வகுத்த வாசிப்பு முறையை அப்படியே அதன்மேல் ஏற்றியபோது, பிள்ளைகள் அசை அசையாகக் கத்திச் சொல்லப் பழகினார்களே ஒழிய, சொல்லைப் பிரித்துப் பொருள் காணப் பழகவில்லை. அந்த அடித்தளம் இறுகுவதற்குள் நான்காம் வகுப்பில் மொழிப் பாடம் தவிர மற்றப் பாடங்களெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவந்தன. 2025 முதல், நான்காம் வகுப்பில் தொடங்கி, கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியிலும் சேர்த்துக் கற்பிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. காலம் கடந்து வந்தாலும் இதை மனமார வரவேற்கிறேன். தேவையான பாடநூல்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இல்லாமல் போனால், இந்த நல்ல திட்டத்துக்கும் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

கேள்வி: நிறவெறி ஆட்சி முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் எத்தனை நாள் பழையதையே குறை சொல்வது?
– ஓய்வுபெற்ற அலுவலர், லெனேசியா

பதில்: பழைய குறை, இன்றைய குறை இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். 1953-இல் வந்த பாண்டு கல்விச் சட்டம் ஏதோ கவனக்குறைவால் கெட்டுப்போன கல்வி அன்று. கறுப்பினப் பிள்ளைகளைக் கூலி வேலைக்கு மேல் உயர விடக்கூடாது என்று திட்டமிட்டு அமைத்தது. அதைக் கொண்டுவந்த நிறவெறி அரசின் அமைச்சர் வெர்வூர்ட் இந்த நோக்கத்தை ஒளித்துவைக்கவும் இல்லை. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களே பிறகு ஆசிரியர்களாகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள் என்பதால், சட்டம் போன பிறகும் அதன் தழும்பு போகவில்லை. ஆனால் 2014-இல் லிம்போப்போ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியின் குழிக்கழிப்பறையில் விழுந்து இறந்தானே, அதற்கு வெர்வூர்ட் பொறுப்பாக மாட்டார். மக்களாட்சி மலர்ந்து இருபது ஆண்டுகள் கழித்து நடந்தது அது.

கேள்வி: படிக்காதவர்களுக்குத்தான் அறியாமை என்பதுபோல் எல்லோரும் பேசுகிறார்கள். படித்தவர்களின் அறியாமையைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?
– ஒரு மருத்துவமனைத் தாதி, ஜோகன்னஸ்பர்க்

பதில்: நீங்கள் இருக்கும் துறையிலிருந்தே இதற்கு நம் நாட்டின் மிகக் கசப்பான சான்றைக் காட்டலாம். தாபோ ம்பெக்கி பிரிட்டனில் பொருளியல் படித்து முதுகலைப் பட்டம் பெற்றவர். ஆழ்ந்து வாசிப்பவர் என்று பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, எய்ட்ஸ் நோய்க்குக் காரணம் எச்.ஐ.வி. கிருமிதானா என்று ஐயம் எழுப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை ஆகியவற்றை முன்னிறுத்திப் பேசினார். மருந்து வழங்குவது தாமதப்பட்டதால் 2000 முதல் 2005 வரை மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். பட்டம் பெற்றவர், தமக்குத் தெரியாத துறையிலும் தாமே தீர்ப்புச் சொல்லலாம் என்று எண்ணிவிட்டால், விளையும் கேட்டுக்கு எல்லை இல்லை.

அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. நம் நாட்டுப் பொதுக் கல்வியின் உயர்ந்த சாதனையாக நான் கருதுவது அதைத்தான். 1998-இல் தோன்றிய சிகிச்சைச் செயல் இயக்கம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களை, கறுப்பின மக்களின் குடியிருப்புகளான நகரியங்களிலும் கிராமங்களிலும் கூட்டி உட்காரவைத்து, கிருமி உடலுக்குள் எப்படிப் பெருகுகிறது, நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது, மருந்தை ஏன் வேளை தவறாமல் உண்ண வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் மொழியிலேயே விளக்கியது. அப்பெண்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்டார்கள், தெருவில் இறங்கினார்கள். தாயிடமிருந்து சேய்க்கு நோய் தொற்றாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை அரசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற தீர்ப்பை 2002-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் அந்த இயக்கம் வென்றது. நோயையும் மருந்தையும் பற்றி அன்று நாட்டின் தலைவரைவிட அந்தப் பெண்களே தெளிவாக அறிந்திருந்தார்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் நம்மவர்கள் தாமே பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்று அந்தப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் குறைவு. இனி நமக்கு அங்கே என்ன வேலை?
– ஒரு கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர், டர்பன்

பதில்: நிறைய வேலை இருக்கிறது, ஐயா. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போதிய பள்ளி கட்டிக்கொடுக்க, டர்பன் உள்ள நட்டால் பகுதியின் அரசு முன்வராததால், சமூகம் பாதிப் பணம் திரட்டினால் அரசு மீதிப் பாதியைத் தரும் என்ற ஏற்பாட்டில் எழுந்தவைதான் அரசு உதவி பெற்ற இந்தியப் பள்ளிகள். காய்கறி விற்றவரும் சலவை செய்தவரும் கொடுத்த காசு அந்தச் சுவர்களில் இருக்கிறது. 1929-இல் தோன்றிய சாஸ்திரி கல்லூரியும் நம் மக்கள் கொடுத்த நன்கொடையால் எழுந்ததே. இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டமும் பிற்பகலில் ஒரு கூட்டமுமாக ஒரே கட்டடத்தில் பிள்ளைகள் படித்த காலமும் இருந்தது.

இன்று அந்த வகுப்பறைகள் பலவற்றில் இருப்பவர்கள் சூலு பேசும் பிள்ளைகள். அன்று நம் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்களோ, ஏறத்தாழ அதே நிலையில்தான் இவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளை வாசிக்கத் தெரியாமல் வளர்வதைப் பார்த்துக்கொண்டு, நம் கோபுரத்துக்கு மட்டும் வண்ணம் பூசிக்கொண்டிருப்பது முறையாகாது.

உங்கள் கோயிலில் பிற்பகலில் பூட்டிக்கிடக்கும் மண்டபம் இருக்கிறதல்லவா? அதைப் பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் வாசிப்புக்குத் திறந்துவிடுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் முதலில் பேசுங்கள். நான்காம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களையே கேளுங்கள். சூலுவில் வாசித்துக்காட்ட வேலையில்லாத இளைஞர் ஒருவரை அமர்த்தி, அன்னதானச் செலவில் ஒரு சிறு பகுதியை அவருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம். நல்இபாலி என்ற வாசிப்பு இயக்கம் 2012 முதல் நம் நாட்டு மொழிகளில் சிறுவர் கதைகளை வெளியிட்டு வருகிறது. அவர்களுடைய கதைகளிலிருந்தே தொடங்கிவிடலாம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் ஒரு படமும் உள்ள கதையாகப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும், ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். விடை தவறாக இருந்தாலும் பிள்ளையைச் சொல்லவிட வேண்டும். தொடங்கிய பிறகு என்ன தடை வந்தது என்பதை எழுதுங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.