ஒரு ராத்திரி வெளியே தங்கிப் பழகட்டும்

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 72. மனைவிக்கு 66, மூட்டு வலி. மகனுக்கு 37 வயது, டவுன் சிண்ட்ரோம். ஸ்பெஷல் ஸ்கூல் 18 வயதோடு முடிந்தது, அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். தானே குளிப்பான், சாப்பிடுவான். ஒரு ராத்திரிகூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. மகள் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். எங்கள் காலத்துக்கு அப்புறம் அவனைச் சேர்க்க நல்ல ஹோம் ஒன்று சொல்லுங்கள் அம்மா. கண் மூடும்வரை அவன் எங்களோடுதான் இருப்பான்.
– வாசகர், திருச்சி

பதில்: ஐயா, "எங்கள் காலத்துக்கு அப்புறம்" என்று என் அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தார். என் தம்பிக்கும் உங்கள் மகனுக்கு இருக்கும் அதே டவுன் சிண்ட்ரோம்தான். 2011-இல் அம்மா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தம்பியை ஒரு ஹோமில் விட்டுவிட்டு வந்தோம். அப்போது அவனுக்கு 33 வயது. அம்மா இல்லை, வீடு இல்லை, தன் தட்டு இல்லை, படுக்கும் மூலை இல்லை. ஒரே மாதத்தில் எல்லாம் போய்விட்டது. தினமும் சாயங்காலம் கேட் ஓரமாக நின்றானாம். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்துவிட்டான். "பிடிவாதம், சாப்பிட மாட்டேன் என்கிறான்" என்று அங்கே சொன்னார்கள்.

உண்மையில் அவனுக்குப் பல் வலி. தம்பிக்குப் பல் வலித்தால் காதைத்தான் தொட்டுக் காட்டுவான். அது அம்மாவுக்கு மட்டும் தெரியும், ஓரளவு எனக்குத் தெரியும். ஹோமில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் யாரும் அவர்களிடம் சொல்லவில்லையே. இருபது வருடம் ஸ்பெஷல் ஸ்கூலில் மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், என் தம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதனால் ஹோம் பெயர் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கும்போதே மகன் வெளியே தங்கிப் பழகட்டும். முதலில் கோவையில் மகள் வீட்டில் ஒரு ராத்திரி, நீங்கள் இல்லாமல். மறுநாள் நீங்களே போய் அழைத்து வாருங்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவனுக்குப் பிடிபட வேண்டும், அதுதான் முதல் பாடம். அப்புறம் இரண்டு ராத்திரி, பிறகு ஒரு வாரம். நடுவில் பகல்நேர மையம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். 18 வயதில் பள்ளி முடிந்து 19 வருடமாக நாலு சுவருக்குள் இருப்பவனுக்குத் தன் வயதுக்காரர்களின் சிநேகம் சோற்றைப் போலத் தேவை. காலையில் பை எடுத்துக்கொண்டு போக ஓர் இடம் கிடைத்தாலே ஆள் மாறிவிடுவான், நிறைய பேரிடம் பார்த்திருக்கிறேன்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். மாத்திரை பெயரும் ரத்த வகையும் மருத்துவச் சீட்டிலேயே இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது வேறு. எதைக் கண்டால் பயப்படுவான், எந்தச் சத்தம் ஆகாது, வலித்தால் எப்படிக் காட்டுவான், தூங்குமுன் என்ன செய்வான், கோபம் வந்தால் பேசிச் சமாதானப்படுத்த வேண்டுமா, தனியே விட வேண்டுமா. உங்கள் மனைவி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இரண்டு மாதம் ஆகும், ஆகட்டும்.

ஹோம் பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். நூறு பேரை ஒரு வளாகத்தில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஐந்தாறு பேர் ஒரு தெருவில் சாதாரண வீட்டில், உதவியாளர் ஒருவரோடு வாழும் குழு இல்லங்களும் உண்டு. சென்னையில் பானியன் அமைப்பு 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் வாடகை வீடுகளில் இப்படித்தான் செய்கிறது. அது மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கானது, ஆனால் முறை நமக்கும் பொருந்தும். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கி வாழும் இல்லங்களுக்காகத் மத்திய அரசின் அமைப்பான தேசிய அறக்கட்டளை 'கரௌண்டா' என்று ஒரு திட்டமே வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 5-ஆவது பிரிவு, இவர்களுக்குச் சமூகத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. எனக்கு அந்தப் பிரிவு மனப்பாடம். என் தம்பி இப்போது அப்படி ஒரு வீட்டில் நாலு பேரோடு இருக்கிறான். காலையில் பால் வாங்கப் போவது அவன் வேலை. தெருமுனைப் பூக்காரம்மாவுக்கு அவன் பெயர் தெரியும். அவன் ஒரு நாள் வராவிட்டால் என்னவென்று கேட்டு ஆள் அனுப்புகிறார்.

எந்த இல்லமானாலும் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதே சட்டப்படி பதிவு இல்லாமல் இல்லம் நடத்தக் கூடாது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் பதிவு பெற்ற இல்லங்களின் விவரம் சொல்வார்கள். அப்புறம் மதியம் போகாதீர்கள், மதியம் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். இருட்டும் நேரத்தில் போங்கள். குளியலறைக்குக் கதவு இருக்கிறதா? அவரவர் துணி அவரவர் அலமாரியில் இருக்கிறதா, ஒரே குவியலா? ராத்திரி எத்தனை பேருக்கு ஒருவர் விழித்திருக்கிறார்? யாரையாவது கட்டிவைத்தோ, வெளியே பூட்டியோ இருக்கிறார்களா? 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து தப்ப முடியாமல் செத்தார்கள். அந்த நாளிலிருந்து எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் பூட்டுகளைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் ரயில்வே பென்ஷன்காரர் என்பது பெரிய பலம். உங்களுக்குப் பிறகு மனைவிக்கும், அவருக்குப் பிறகு வாழ்நாள் முழுதும் மகனுக்கும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதியில் வழி உண்டு. மகன் பெயரை நீங்கள் இருக்கும்போதே பென்ஷன் ஆணையில் சேர்த்துவிடுங்கள். அவன் சார்பில் பணம் வாங்கும் பாதுகாவலர் யார் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்ட வீடுகளில் கூடப் பிறந்தவர்கள் வருடக்கணக்கில் அலைவதைப் பார்க்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 29 வயது, அறிவுசார் குறைபாடு. கணவர் இல்லை. மூத்தவன் மகன். சொத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது கொழுந்தனார், "புத்தி சரியில்லாத பெண்ணுக்குப் பங்கு கிடையாது, எல்லாம் பையன் பேரில் எழுதிவிடு, அவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார். சரியா?
– வாசகி, மதுரை

பதில்: தவறு, சகோதரி. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 28-ஆவது பிரிவைக் கொழுந்தனாருக்குப் படித்துக் காட்டுங்கள். நோயோ குறைபாடோ காரணமாக யாரும் வாரிசு உரிமையை இழக்க மாட்டார்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

உங்கள் மகன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வாய்ச்சொல்லை நம்பி ஒரு பெண்ணின் சோற்றை ஒப்படைக்கக் கூடாது. நாளை அவருக்கே ஏதாவது ஆனால்? மகளின் பங்கை ஒரு தனியார் அறக்கட்டளையாக, அதாவது 1882-ஆம் வருட இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மகளைப் பயனாளியாகப் போட்டு எழுதலாம். அறங்காவலர் ஒருவர் வேண்டாம், இருவராவது இருக்கட்டும், ஒருவர் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள்.

இன்னொன்று, நிறைய அம்மாக்களுக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கு 18 முடிந்ததும் பெற்றவர்கள் தானாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பாதுகாவலராக ஆண் ஒருவரை மட்டும் தனியே நியமிக்க மாட்டார்கள், அவர் மனைவியும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆகையால் மருமகளிடமும் இப்போதே மனம் விட்டுப் பேசுங்கள். பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். சரியாகப் பார்க்காவிட்டால் நீக்கவும் வழி இருக்கிறது.

மகளுக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்து, வேறு அரசு உதவித்தொகை வாங்காவிட்டால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிக்கும் புறநோயாளிச் சிகிச்சைக்கும் சேர்த்துத்தான். சேரும்போது மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, வயது வரம்பும் இல்லை.

கேள்வி: அம்மா இறந்த பிறகு அக்காவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவுக்கு 51 வயது, எனக்கு 44. வேலைக்குப் போக முடியவில்லை, என் பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை. ஒரு குழு இல்லத்தில் அக்கா விருப்பத்தோடு பத்து நாள் தங்கிப் பார்த்தாள். சேர்க்கலாம் என்று நினைத்தால், "கூடப் பிறந்தவளைத் தள்ளிவிட்டாள்" என்று ஊர் பேசுமே என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பத்து நாள் அக்கா விருப்பத்தோடு இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைவிடப் பெரிய அத்தாட்சி வேறு எது? பேசுகிற ஊரிலிருந்து யாராவது ஒரு ராத்திரி அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தார்களா? அவர்கள் பேச்சை விட்டுவிடுங்கள்.

ஆனால் சேர்த்ததோடு நின்றுவிடாதீர்கள். நான் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை தம்பியைப் பார்க்கப் போகிறேன். காலண்டரில் அந்தக் கட்டத்தில் அவனே வட்டம் போட்டிருப்பான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். முதல் இரண்டு நாள் சந்தோஷமாக இருப்பான், மூன்றாம் நாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பால் வாங்க வேண்டும், போகலாம் என்பான். முதல் முறை அப்படிச் சொன்னபோது அழுதுவிட்டேன். இப்போது பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துவிடுகிறேன்.