பட்டியலை விட்டு விலகும் நாடுகள்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐக்கிய நாடுகள் சபையின் 'மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகள்' பட்டியலிலிருந்து வங்கதேசம், நேபாளம், லாவோஸ் ஆகியவை விலக 2026 நவம்பர் 24-ஆம் நாளைப் பொதுச்சபை குறித்தது பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அதையொட்டிச் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நம் ஊரில் அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்றுவதுபோல, வருமானம் கூடிவிட்டது என்று சொல்லி ஒரு நாட்டின் சலுகைகளை நிறுத்திவிடுவார்களா? அதை யார் முடிவு செய்கிறார்கள்?
(வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

பதில்: வட்ட வழங்கல் அலுவலகத்து வேலையைவிட இது மிக நிதானமாக நடக்கிறது. 1971-இல் 25 நாடுகளுடன் தொடங்கிய பட்டியலில் இப்போது 44 நாடுகள் உள்ளன. இதுவரை எட்டு நாடுகளே வெளியேறியிருக்கின்றன. ஐ.நா.வின் வளர்ச்சிக் கொள்கைக் குழு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா நாடுகளின் கணக்கையும் பார்க்கிறது. அளவுகோல்கள் மூன்று: ஒன்று, தனிநபர் தேசிய வருமானம்; இரண்டு, கல்வியும் உடல்நலமும் சார்ந்த மனிதவள நிலை; மூன்று, புயல், வறட்சி, ஏற்றுமதிச் சரிவு போன்ற அடிகளுக்கு எளிதில் ஆட்படும் தன்மை குறைந்திருப்பது. இவற்றில் இரண்டையாவது அடுத்தடுத்த இரண்டு ஆய்வுகளில் எட்டிய நாட்டையே குழு பரிந்துரைக்கும். 2024 ஆய்வில் வருமான வரம்பு 1,306 டாலர். அதைப்போல் மூன்று மடங்கு வருமானம் இருந்தால் மற்ற இரண்டும் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். பரிந்துரையைப் பொருளாதார, சமூக மன்றம் ஏற்று, பொதுச்சபை அதைக் குறித்துக்கொண்ட பிறகும் ஆயத்தத்திற்கென்று வழக்கமாக மூன்று ஆண்டுகள் தரப்படும். கொரோனாவின் பாதிப்பைக் கருதி மேற்சொன்ன மூன்று நாடுகளுக்கும் ஐந்து ஆண்டுகள் தரப்பட்டன.

கேள்வி: நான் இளம்பிள்ளையில் விசைத்தறி ஓட்டுகிறேன். வங்கதேசத்தின் சலுகை போய்விட்டால் ஆர்டரெல்லாம் திருப்பூருக்கு வந்துவிடும், நூல் விலை ஏறிவிடும் என்று நூல் கடையில் பேசிக்கொள்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், இளம்பிள்ளை)

பதில்: அவசரப்பட்டு நூலை வாங்கி அடுக்கிவிட வேண்டாம்.

வங்கதேசத்தின் ஏற்றுமதி வருவாயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஆயத்த ஆடைகளிலிருந்து வருகிறது. அதில் ஏறத்தாழப் பாதியை வாங்குவது ஐரோப்பிய ஒன்றியம். அங்கே ஆடைகளுக்குப் பொதுவாக 12 விழுக்காடு வரை இறக்குமதி வரி உண்டு, பட்டியலில் உள்ள நாடுகளுக்கு அது முற்றிலும் கிடையாது. இந்த விலக்கு பட்டியலை விட்டு விலகும் நாளோடு முடிந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் மேலும் மூன்று ஆண்டுகள் அதைத் தொடரும் என்பது விதி. எனவே குறித்த நாளில் வங்கதேசம் விலகினாலும் 2029 வரை ஐரோப்பாவில் நிலைமை மாறாது. அமெரிக்காவைப் பொறுத்தவரை வங்கதேச ஆடைகளுக்கு இந்தப் பட்டியலால் வரிச்சலுகையே கிடைத்ததில்லை. ஆகவே அங்கே இழக்கவும் ஒன்றுமில்லை. ஆர்டர்கள் கூட்டமாகக் கிளம்பித் திருப்பூருக்கு வந்துவிடும் என்ற பேச்சு இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளவில்லை.

மெய்யான சிக்கல், வரி விகிதத்தைவிட, ஒரு சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதைத் தீர்மானிக்கும் விதியில் இருக்கிறது. பட்டியலில் உள்ள நாடு வெளியிலிருந்து துணியை வாங்கித் தன் நாட்டில் வெட்டித் தைத்தாலே ஐரோப்பா அதை அந்நாட்டுச் சரக்காக ஏற்று வரியைத் தள்ளுபடி செய்துவிடும். பட்டியலுக்கு வெளியே உள்ள வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டங்களில் அது போதாது: துணியை நெய்வது அல்லது பின்னுவது, பிறகு தைப்பது என்ற இரண்டு கட்டங்களும் சலுகை கோரும் நாட்டிலேயே நடக்க வேண்டும். டி-சர்ட் போன்ற பின்னலாடைகளில் வங்கதேசம் பெரும்பாலும் சொந்தத் துணியையே பயன்படுத்துவதால் அங்கே பெரிய இடையூறு இல்லை. சட்டை, கால்சட்டை போன்ற நெய்த ஆடைகளுக்கோ துணியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. தையல் கூடங்கள் பெருகிய வேகத்தில் அங்கே தறிக்கூடங்கள் பெருகவில்லை.

உங்கள் தொழிலுக்குத் தொடர்பான இடம் இதுதான். அந்த இரண்டு கட்ட விதியிலும் நூலை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளத் தடையில்லை. ஆகவே வங்கதேசம் தறிகளை நிறுவத் தொடங்கினால், துணி விற்றுவந்த நாடுகளுக்கு வாய்ப்புக் குறையும். நூல் விற்கும் நாடுகளுக்கு, அதாவது நம் பகுதி நூற்பாலைகளுக்கும் சேர்த்து, வாய்ப்புக் கூடலாம். ஆனால் இரு நாட்டு அரசுகளின் உறவும் இதில் குறுக்கிடும்: 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழி எல்லைச் சாவடிகள் வழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தியது. பஞ்சு விலையையும் மின்கட்டணத்தையும் விட்டுவிட்டு, நூல் விலைக்கு டாக்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது சரியாக இராது.

ஒரு நாடு சிரமமின்றிப் பட்டியலைக் கடக்க உதவ வேண்டும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சலுகைக் காலத்தை நீட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். நீட்டிய காலத்தில் நெசவு ஆலைக்குக் குறைந்த வட்டியில் கடனும், சாயக் கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடும், தடையில்லாத மின்சாரமும் வந்து சேராவிட்டால், மூன்று ஆண்டு கழித்தும் அதே துணிமூட்டை அதே துறைமுகத்தில்தான் வந்து இறங்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பட்டியலிலிருந்து விலகினால் அந்த நாடுகளில் மருந்து விலை ஏறும் என்பது சரியா?
(மருந்துக் கடை உரிமையாளர், ஓமலூர்)

பதில்: சில மருந்துகளுக்குச் சரி. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, பட்டியலில் உள்ள நாடுகள் மருந்துகளுக்குக் காப்புரிமை (கண்டுபிடித்த நிறுவனத்தின் அனுமதியின்றி மற்றவர்கள் தயாரிக்க முடியாதபடி தடுக்கும் உரிமை) தரும் கடமையிலிருந்து 2033 ஜனவரி 1 வரை விலக்குப் பெற்றுள்ளன. பட்டியலை விட்டவுடன் அந்த விலக்கு போய்விடும். வங்கதேசம் தனக்கு வேண்டிய மருந்துகளில் மிகப் பெரும்பகுதியைத் தானே தயாரிக்கும் நாடு என்பதால் இந்த இழப்பு அதற்குக் கூடுதலாக உறைக்கும். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மருந்துகளுக்கு மாற்றம் இல்லை. புதிதாக வரும் மருந்துகளில்தான் தெரியும். மருந்தின் தயாரிப்பு முறைக்கு மட்டும் காப்புரிமை தந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் மருந்துத் தொழிலை வளர்த்த இந்தியா, 1995 முதல் பத்தாண்டு அவகாசம் பெற்று 2005-இல்தான் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் முறைக்கு மாறியது. அந்தப் பத்தாண்டை நம் நிறுவனங்கள் வீணாக்கவில்லை.

கேள்வி: உகாண்டா, தான்சானியா போன்ற நாடுகள் சலுகையை இழந்தால் ஏற்காட்டுக் காபிக்கு நல்ல விலை கிடைக்குமா?
(சிறு தோட்டக்காரர், ஏற்காடு)

பதில்: அந்த வழியில் கிடைக்காது. வறுக்காத பச்சைக் காபிக்கொட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் எந்த நாட்டிடமும் வரி வாங்குவதில்லை. உகாண்டா பட்டியலில் இருந்தாலும் விலகினாலும் அதன் கொட்டை வரியின்றியே இறங்கும். வறுத்த காபிக்குத்தான் பொது வரி 7.5 விழுக்காடு. அதாவது, கொட்டையாக விற்கும்வரை இழப்பு இல்லை. வறுத்துப் பொட்டலம் கட்டி விற்க முன்னேறும்போதுதான் சலுகையின் அருமை தெரியும். இது எனக்கு முரணாகவே படுகிறது.

மேலும், உகாண்டாவின் காபி ஏற்றுமதியில் பெரும்பங்கு ரொபஸ்டா வகை. உங்கள் மலையில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் நிழலில் விளைவது பெரும்பாலும் அராபிகா என்ற வேறு வகை. உகாண்டா, ருவாண்டா, தான்சானியா ஆகிய மூன்றும் 2024 ஆய்வில்தான் முதன்முறையாகத் தகுதி பெற்றன. 2027 ஆய்விலும் பெற்றால்தான் பரிந்துரையே வரும்.

கேள்வி: நாள் குறித்த பிறகு ஒரு நாடு அதைத் தள்ளிப்போட முடியுமா?
(முதுகலை மாணவி, ஆத்தூர்)

பதில்: முடியும், காரணம் வலுவாக இருந்தால். மாலத்தீவின் விலகலைப் பொதுச்சபை 2004 டிசம்பர் 20 அன்று முடிவு செய்தது. படிப்படியாக விலகுவதற்கான வழிமுறைத் தீர்மானமும் அதே நாளில்தான் நிறைவேறியது. ஆறு நாளில் சுனாமி வந்தது. நாள் தள்ளிப்போய் 2011-இல்தான் அந்நாடு விலகியது. 2009 சுனாமிக்குப் பின் சமோவாவுக்கும், 2015 புயலுக்குப் பின் வனுவாட்டுவுக்கும் இவ்வாறே அவகாசம் கிடைத்தது. எண்ணெய் விலை சரிந்ததால் அங்கோலாவின் 2021 நாளும் தள்ளிவைக்கப்பட்டது. எண்ணெய் வருமானம் ஒன்றையே வைத்துத் தகுதி பெற்ற நாட்டுக்கு இப்படி நேர்ந்ததில் வியப்பில்லை.

மாலத்தீவு கூடுதலாகப் பெற்ற ஆண்டுகள் சீரமைப்புக்குப் பயன்பட்டன; சூரை மீன் ஏற்றுமதிக்கு மாற்று வழி தேட அவை போதவில்லை. 2014 முதல் ஐரோப்பாவில் அந்த மீனுக்கு வரி விழுந்தது; டப்பாவில் அடைத்த சூரைக்கு அது 24 விழுக்காடு. பூடான் இதற்கு நேர்மாறாக, விபத்துக்குக் காத்திராமல், தன் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடியும் காலத்தோடு பொருந்தும்படி நாளைத் தானே கேட்டு வாங்கி, 2023 டிசம்பர் 13 அன்று விலகியது. அதன் முதன்மை ஏற்றுமதி இந்தியாவுக்கு விற்கும் நீர்மின்சாரம் என்பதால், ஐரோப்பியச் சலுகை போனதை அந்நாடு பெரிதாக உணர வேண்டியிருக்கவில்லை.