உணவுவழி நோய்கள், ஒட்டுண்ணிகள் பற்றிய ஆராய்ச்சியில் வேலை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் தொண்டிப் பக்கம் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறாராம். இந்தத் துறைக்கு வரலாமா, வந்தால் அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும், அப்புறம் மீன் சாப்பிடவே அருவருப்பாகிவிடுமா என்று மூன்று கேள்வி. நான் பாம்பன், மண்டபம், தொண்டி என்று இந்தக் கரையிலேயே மாதிரி எடுத்துக்கொண்டிருப்பவன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், பாதி வேலை ஏலம் நடக்கும் இடத்தில்தான். விடியுமுன் ஐஸ் பெட்டியோடு போய் நிற்க வேண்டும். "எல்லாரும் நல்ல மீனாப் பாத்து வாங்குவாக, நீ புழு வச்ச மீனாத் தேடுறியேப்பா" என்று அங்கே மீன் விற்கும் ஒரு ஆத்தா இன்றுவரை கேலி செய்யும். உண்மைதான். சாவாளையின் வயிற்றைக் கீறினால் சில சமயம் ஈரல் மேல் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும், அனிசாகிஸ் வகைப் புழுவின் இளம்பருவம். நீட்டிப் பிடித்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரும்.

சதைக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு பொய் வயிறு தயார் செய்வோம். சதையை நறுக்கி, பெப்சின் என்ற செரிமான நொதியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீரில் போட்டு, 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சதை கரைந்து போகும். வடிகட்டினால் புழு மட்டும் உயிரோடு நெளியும். அமிலத்துக்கே அசராத பிறவி என்பதால்தான் பச்சை மீன் தின்பவர்களின் இரைப்பைச் சுவரில் போய்த் தைக்கிறது. 1960இல் நெதர்லாந்தில் வான் தீல் என்பவர் இந்த நோயை விவரித்தார். அங்கே ஹெர்ரிங் மீனை வேகவைக்காமல் தின்னும் வழக்கம் உண்டு. நாம் குழம்பில் தளதளவென்று கொதிக்கவிடுகிறோம், புழு பிழைக்காது. ஒவ்வாமை உள்ளவர்களை விட்டால் நமக்கு இதில் பெரிய பயமில்லை.

இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். ஜனங்கள் புழுவைப் பார்த்து மீனைத் தூக்கி எறிகிறார்கள், ஆளைப் படுக்கவைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. சூரையை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டால் பாக்டீரியா அதன் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஐரோப்பாவுக்குப் போகும் சூரையில் ஒரு சரக்குக்கு 9 மாதிரி எடுத்து, சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம்மூர்ச் சந்தைக்கு வரும் சூரையை அப்படி யார் பார்க்கிறார்கள்? எனக்கு இதில் தீராத ஆற்றாமை உண்டு.

இன்னொன்று விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கடல்நீர் பாக்டீரியா. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த பொடிமீனைத் தின்று 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது புஜினோ என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. மணலில் காயும் நெத்திலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒசாகா ஞாபகம் வரும். உப்பு இருந்தால்தான் இது வளரும், நல்ல தண்ணீரில் அலசினாலே குறையும். விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் என்ற ஊடகத் தட்டில் இரவு வைத்தால் காலையில் பச்சைப் புள்ளிகளாக நிற்கும், காலரா விப்ரியோ என்றால் மஞ்சள். கடல் சூடாக இருக்கும்போதுதான் இது கொழிக்கும். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகுக்காரரிடம் கெஞ்சி மாதிரி வாங்க வேண்டும். ஆய்வுத் திட்டம் எழுதும்போதே இதைக் கணக்கில் வையுங்கள், சென்னையில் உட்கார்ந்து எழுதுபவர்கள் மறந்துவிடுவார்கள்.

படிப்பு, சம்பளம்: நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், 2023இலிருந்து. அப்புறம் நிரந்தர வேலை கிடைப்பது தாமதம்தான், திட்டப்பணியாக ஓட்ட வேண்டிவரும். மீன் பக்கத்து ஆராய்ச்சி பிடித்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் (சிஐஎஃப்டி) பக்கம் போகலாம். மனிதர்களின் நோயைப் பார்க்க ஆசையென்றால் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். வேலூரில் ககன்தீப் காங் போன்ற ஆய்வாளர்கள் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை வருஷக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்த கட்டுரைகளைப் படியுங்கள், பொறுமை என்றால் என்னவென்று தெரியும்.

மீன் சாப்பிடுகிறேனா? தாராளமாக. சாவாளைக் குழம்பு என்றால் கூட ஒரு தட்டு சோறு. சூரை மட்டும், ஐஸில் கிடந்ததை என் கண்ணால் பார்த்தால்தான்.