கல்லில் கடவுள் இல்லை என்றும் கோயில் பூசையை நிறுத்தாதே என்றும் சைவ நூல்களே சொல்வது முரண்பாடு இல்லையா?

கேள்வி கேட்டவர் இரண்டு பாட்டுகளை மோத விட்டிருக்கிறார். 'நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்' என்பது சித்தர் சிவவாக்கியர். கோயில் பூசை முட்டுப்பட்டால் மன்னனுக்குத் தீங்கு, மழை குன்றும், களவு பெருகும் என்பது திருமந்திரம். எதை ஏற்பது என்று கேட்கிறார்.

நான் வேலூர்க்காரன். மூலவர் இல்லாத கோயிலில் ஓடி விளையாடி வளர்ந்தவன். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் விஜயநகர காலத்தது. கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். ஆனால் என் சின்ன வயதில் கருவறை வெறுமையாக இருந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த நினைவுச் சின்னம், அவ்வளவுதான். அப்பாவின் அம்மாவை எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். எங்கள் ஆயா அந்த வெற்றுக் கருவறையைப் பார்த்தும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "உள்ளே யாரும் இல்லையே ஆயா" என்றால், "உனக்கு இல்லை" என்பார்.

பள்ளியில் சிவவாக்கியரைப் படித்துவிட்டு வந்து, 'சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ' என்று ஒருநாள் ஆயாவிடம் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன். கீரை கடைந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "சட்டிக்குச் சுவை தெரிய வேண்டாம். நாளைக்குச் சட்டி இல்லாமல் உனக்குச் சமைத்துப் போடட்டுமா?" என்றார். சிவவாக்கியருக்கு இதைவிட நல்ல பதிலை எந்த உரையிலும் நான் படித்ததில்லை.

அப்பா வேறு வழியில் விளக்கினார். பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று முதலில் பார் என்பார். சிவவாக்கியர் 'சுற்றி வந்து முணமுணென்று சொல்லும் மந்திரம் ஏதடா' என்கிறார். அந்த 'அடா' எதிரே நிற்கிறவனுக்கு. பூவைச் சாத்திவிட்டு வாய்க்குள் முணுமுணுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவனுக்கு. திருமந்திரத்தின் எச்சரிக்கையோ மன்னர்க்கு. அதாவது பூசை தடையில்லாமல் நடக்கப் பொறுப்பானவனுக்கு. ஒரு வைத்தியர் ஒருவனை உப்பைக் குறை என்றும் இன்னொருவனை உப்புப் போட்டுக் கஞ்சி குடி என்றும் சொன்னால் சண்டைக்குப் போவோமா?

இருவர் சொன்னதால்தான் முரண் என்றும் எண்ண வேண்டாம். 'கங்கை ஆடில் என் காவிரி ஆடில் என்' என்று கேட்ட அதே அப்பர்தான், விடிவதற்குள் கோயிலுக்குப் போய் 'அலகிட்டு மெழுக்கும் இட்டு', அதாவது பெருக்கி மெழுகி, வா என்று தன் நெஞ்சைக் கூப்பிடுகிறார். கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர் அவர். முதல் பாட்டின் முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 'எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே.' முழுக்கு வீண் என்று அவர் சொல்லவில்லை. எங்கும் ஈசன் என்று எண்ணாதவனுக்கு முழுக்கால் பயன் இல்லை என்கிறார். பாதிப் பாட்டை மேற்கோள் காட்டி வாதாடுபவர்களால் வந்த வினையே பெரும்பாலும்.

ஆனால் யாருக்குச் சொன்னது என்று பார்க்கும் இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறந்துவிடாது. 1981-இல் பக்கத்திலிருக்கும் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்தார்கள். எனக்குப் பதினொரு வயது. ஊரே திரண்டது, ஆயா அழுதார். சில ஆண்டுகள் கழித்துத் திருமந்திரத்தில் 'தாவர லிங்கம் பறித்தொன்றில் தாபித்தால்' என்ற பாட்டு கண்ணில் பட்டது. நிலையாக வைத்த லிங்கத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் அரசு நிலைகெடும் என்கிறது. அப்பாவிடம் நீட்டினேன். "இது பறித்தது இல்லை. படையெடுப்புக்குப் பயந்து அங்கே ஒளித்து வைத்ததுதான் திரும்பி வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். சொந்த வீட்டுக்கு வருவதைப் பறிப்பு என்பாயா?" என்றார்.

சரிதான் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, "இத்தனை காலம் சத்துவாச்சாரியில் அதற்கு விளக்கேற்றியவர்களுக்கு?" என்று கேட்டேன். அப்பா புத்தகத்தை வாங்கி அந்தப் பாட்டை மறுபடி படித்தார். பிறகு பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த டிக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது.